துளை போடுவதற்கு முன்

1996 மார்ச், சனிக்கிழமை

எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

வீட்டிலேயே பீர் காய்ச்சலாம் என்று நண்பன் யோசேப் ஒரு பழைய உலோக பீர் பீப்பாய் வாங்கி வந்திருந்தான். மத்தியானம் எங்கள் பேஸ்மென்டில் அதைப் படுக்கவைத்து, காய்ச்சும் அண்டாவாக மாற்றக் குழாய்க்கும் வெப்பமானிக்கும் எங்கே துளை போடுவது என்று வாதாடினோம். மண்டி வராமலிருக்க, குழாய் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். வெப்பமானி அதற்கு மேலே, நெருப்புச் சுவாலை படாத பக்கம். இரண்டு இடத்திலும் மார்க்கரால் புள்ளி வைத்தேன். பீப்பாய் உருளாமல் நெஞ்சால் அமத்திக்கொண்டு ட்ரில்லை எடுத்தேன்.

உடுப்புத் தோய்க்க வந்த என் மனைவி வசந்தி நின்று பார்த்தாள்.

"உதுக்குள்ளை ஏதோ குலுங்குது. முதல் காத்தைத் திறந்து விடுங்கோ."

"பழசு அக்கா, ஒண்டும் இராது," என்றான் யோசேப்.

அவள் நகரவில்லை. அவளுக்காகத்தான் ஸ்குரூட்ரைவரால் பீப்பாய் வாயிலிருந்த வால்வை அமத்தினேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று வெடித்தது போலச் சீறியது. ஸ்குரூட்ரைவர் கையிலிருந்து பறந்தது. நுரை எதிர்ச்சுவர் முழுக்க அடித்தது.

யோசேப் சிலுவை போட்டான். "மச்சான், துளைச்சிருந்தா உன்ரை நெஞ்சிலையெல்லோ வெடிச்சிருக்கும்."

வசந்தி ட்ரில் வயரைப் பிடுங்கி மேலே கொண்டு போனாள். இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்.

"ஊர்ச் சண்டையிலை செல்லடிக்கு, குண்டுக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த மனுசன், பீர்ப் பீப்பாயிலை சாகப் பாத்தீங்களே. இந்த ஊரிலை எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள்.