சும்மா ஓடும் இயந்திரம்

அன்பான தாரிணிக்கு,

உன் கழுத்துவலி குறைந்ததா? மாமா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம், சிட்னியில் குளிர்தான் அதிகம்.

ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓடும் கூடத்தில், வேலையில்லாமல் மின்சாரம் தின்பவற்றை அளந்து கண்டுபிடித்து அணைப்பதுதான் என் உத்தியோகம். போன வாரம் அப்படி ஒன்றை அணைத்தேன். உடனே அலாரம் அலறியது. பயப்படாதே, வேலை போகவில்லை. என் மேலாளர் செந்தூரன் யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்துவிட்டார். “அது சும்மா நிக்கேல்லைத் தம்பி. மற்றது விழுந்தால் தாங்கிறதுக்கு நிக்குது.”

அடுத்த பார்சலில் பருப்புப் பொடி வை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும்: ஞாயிற்றுக்கிழமை பேச்சு தீர்ந்ததும் போனை வைத்துவிடாதே. அடுப்படியில் அப்படியே கிடக்கட்டும். நீ தாளிக்கிற சத்தம் கேட்டால் போதும்.

உன்,
பிரதீப்