கிளி மூஞ்சியில் வைத்த ஜாக்கி

என் அருமை மச்சான் நல்லதம்பிக்கு,

நீ இருக்கும் இடத்துக்கு மேலே விமானம் பறக்குமா, கீழே பறக்குமா? எங்கே பறந்தாலும் இறங்கத்தானே வேண்டும்? இறங்கியதை நிறுத்துவதில்தானே உன் மாப்பிள்ளைக்குச் சோறு?

உன் அப்பாவுக்கு அதைப் புரிய வைக்க நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? சேலத்தில் ஒன்றாகப் பாலிடெக்னிக் முடித்தோம். நீ நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டப் போனாய், நான் மீனம்பாக்கத்தில் விமானப் பட்டறைக்குப் போனேன். எழுபதுகளின் நடுவில் உன் தங்கை சரசுவை எனக்குக் கேட்டு வீட்டில் பேச்செடுத்தவன் நீதான். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டும் எண்ணமே எனக்குக் கிடையாது. அது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லாரி முதலாளியான உன் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?"

நானும் ஒழுங்காகத்தான் சொன்னேன். விமானம் தரையைத் தொட்டதும் இன்ஜினுக்குப் பின்னால் இரண்டு கதவுகள் வந்து மூடும். பின்னால் போகிற காற்று திரும்பி முன்னால் அடிக்கும், வேகம் குறையும். அந்தக் கதவுகளைத் தள்ளுகிற ஆயில் ஜாக்கிகளுக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். அவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தி, இரண்டும் சேர்ந்து நகர்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

மாமா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "அப்ப பிளேனு ரிவர்ஸ் எடுக்குதுங்களா?"

"அப்படியும் வச்சுக்கலாமுங்க."

"பொறவால நின்னு தட்டறது ஆருங்க?"

கிளீனர் பின்னால் நின்று பாடியைத் தட்டித் தட்டி 'வா, வா' என்றும், நிறுத்தச் சொல்லி 'ஓல்டான்' என்றும் குரல் கொடுக்காமல் நம் ஊரில் எந்த டிரைவர் ரிவர்ஸ் எடுப்பான்? தட்ட ஆளே கிடையாது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "பொறவால ஆளில்லாம ரிவர்ஸ் எடுக்கற எடத்துல வேலை பாக்கறவருக்கு எம்பொண்ணு இல்லீங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

நீ விடவில்லை. "செஞ்சே காட்டிருவோம் மாப்ளே" என்றாய். திருச்செங்கோட்டுச் சிநேகிதனிடம் போர் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரஸரைக் கேட்டு வாங்கி வந்தாய். களத்தில் ஒரு டயர் வண்டியை நிறுத்தி, அதன் பின்பக்கம் காற்றுக் குழாயைக் கட்டினோம். டீசல் பேரலை இரண்டாகப் பிளந்து கதவு செய்தோம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜாக்கிக்கு இடம் குறித்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு ஜாக்கியும் இடப்பக்கமே உட்கார்ந்திருந்தன. வலப்பக்கம் முழுக்க, லாரிக்கு வரைவது போலவே, பச்சைக் கிளி வரைந்து வைத்திருந்தாய்.

"சொந்தபந்தம் உக்காரப் போறது இந்தப் பக்கம் மாப்ளே. கிளி மூஞ்சியில போயி ஆராச்சும் ஜாக்கி வெப்பாங்களா?"

கதவு கோணிக்கொள்ளும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டாயா?

கோணிக்கொண்டது. கிளிப்பக்கம் மூடாமல் போன சந்து வழியாகக் காற்று மொத்தமும் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் மேல் அடித்தது. தாம்பூலத் தட்டு பறந்தது. உன் பெரியப்பா தலையில் கட்டியிருந்த உருமால் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டது. மாமா கையில் இருந்த முறுக்கைக் காணவே காணோம். ஜன்னலில் நின்ற சரசு சிரித்த சிரிப்பு கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் சிரிக்கவில்லை. என் கல்யாணமும் அந்த உருமாலோடு மரத்தில் தொங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உன்னிடம் வந்தார். "கிளியாவது கழுதையாவது! மாப்பிள்ளை சொன்ன எடத்துல மாத்திப் போடுடா!"

மாற்றிப் போட்டோம். இந்த முறை மாமாவே வண்டியின் பின்மூலைக்குப் போய் நின்றுகொண்டார். காற்றைத் திறந்ததும் வண்டி முன்னால் உருண்டது. ஜாக்கிகள் தள்ள, கதவுகள் சேர்ந்து மூடின. வண்டி தயங்கி நின்று, மெல்லப் பின்னால் வந்தது. மாமா பலகையைத் தட்டிக்கொண்டே "வா, வா, வா... ஓல்டான்!" என்றார். நீ சரியாக அதே நொடியில் கம்ப்ரஸரை நிறுத்தினாய்.

"தட்டுனா கேக்குதுங்க" என்று அவர் உறவுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். "நாள் பாத்தரலாம்."

அதற்கப்புறம் நாமக்கல்லில் எங்களை பஸ் ஏற்றும் போதெல்லாம் பஸ்ஸைப் பின்னால் தட்டித்தான் அனுப்புவாய். "ஒரு நாளைக்குப் பிளேன்லயும் வந்து தட்டறேன் மாப்ளே" என்பாய். அப்படிப் பேசிக்கொண்டே இருந்த நீ, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லையே. இதுதானா நீ எடுத்த ரிவர்ஸ்?

ஒரு சேதி சொல்ல வேண்டும். போன மாதம் சரசுவை முதல்முறையாக விமானத்தில் பம்பாய்க்குக் கூட்டிப் போனேன். சக்கரம் தரையைத் தொட்டது, கதவுகள் மூடின, இன்ஜின் உறுமியது. ஆளாளுக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். உன் தங்கை மட்டும் ஜன்னலோரச் சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். விமானப் பணிப்பெண் எங்களையே பார்த்தாள்.

"என்ன புள்ளே இது?" என்றேன்.

"அண்ணன் வந்து தட்டறேன்னு சொல்லிட்டே இருந்துச்சு. இப்ப அது இல்லையில்ல? ஆராச்சும் தட்டோணுமில்லீங்க" என்றாள்.

விமானம் நின்றதும் யாருக்கும் கேட்காமல் "ஓல்டான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன் மச்சான். எல்லோரும் இறங்கிய பிறகுதான் எங்களால் எழுந்திருக்க முடிந்தது.

இனிமேல் ஜாக்கி பொருத்தி முடித்த ஒவ்வொரு கதவையும் உன் பங்குக்கு நான் தட்டித்தான் அனுப்புவேன். பட்டறையில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். உனக்குக் கேட்டால் அங்கிருந்தே ஒரு 'ரைட்' சொல்லு.

உன் கிளியின் மூஞ்சியில் ஜாக்கி வைத்து உன் தங்கையைக் கட்டிக்கொண்ட,
உன் மாப்பிள்ளை
செங்கோடன்