ஜாடியில் இல்லாத கனகாம்பரம்

மதுரை
12 பிப்ரவரி 1941

அன்பு மகளுக்கு,

அப்பா கடைசியாக வரைந்த பூப்படத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய்.

அன்று நான் ஜாடியில் வைத்தது மல்லிகையும் மரிக்கொழுந்தும்தான். அவர் நடுவில் கனகாம்பரம் வரைந்தார். வாசமே இல்லாத பூ என்று நான் சொல்லச் சொல்ல, நீ தினமும் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவாயே, அதே பூ. கண் மங்கிவிட்டதென்று நினைத்து அவரைத் திருத்தினேன்.

"ஜாடியில இல்லாட்டி என்ன மதர், நம்ம மக தலையில இருக்கும்ல?" என்று சிரித்தார். கான்வென்டில் படித்தவளென்று என்னை அப்படித்தான் கேலி செய்வார்.

உன் கல்யாணத்துக்கு அவரைப் போகவிடாதவள் நான். அவர் அப்படிச் சொன்னதும் ஜாடியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

படத்தை அனுப்ப மாட்டேன். நேரில் வா. தேக்குச் சட்டம் கனமானது; தூக்குவதற்கு மாப்பிள்ளையையும் அழைத்து வா.

உன் அம்மா