வைப்பர் மோட்டாரும் மரச்சீப்பும்

அண்ணே,

இன்று காலை சட்னிக்கு அரைக்கும்போது மிக்ஸி புகைந்தது. உடனே சுவிட்சை அணைத்துவிட்டேன். ஆனாலும் உள்ளே செம்புக் கம்பி கருகிய வாசனை அடுப்படியை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். கொல்லைப்பக்கம் போய் நின்றேன். சேலையிலும் ஏறியிருந்தது. மருமகள் வந்து, "என்னத்தே, உடம்புக்கு முடியலையா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று மீதி இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் டிவி. அதிலும் அண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இலங்கைக்காரர்கள் செய்தி வாசிப்பதுதான் புள்ளி புள்ளியாகத் தெரியும். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த என் வீட்டுக்காரர் டிவியில் விளையாடும் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி, அதிலிருந்து நீளும் வயர், வயரின் முனையில் ஒரு சின்னக் கட்டை. கட்டையின் நடுவே அசைக்கிற குச்சி, மூலையில் சிவப்புப் பொத்தான். மேலிருந்து பூச்சி பூச்சியாக ஏதோ இறங்கும். கீழே நம் வண்டி அவற்றைச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை பொத்தானை அழுத்த வேண்டும். போடியில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மறுபடி மஸ்கட்டுக்குக் கிளம்பும் அன்று, ஆட்டத்தில் அவர் எடுத்த புள்ளிகளிலேயே பெரிய எண்ணைப் பென்சிலால் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதினார். "நான் திரும்பி வர்றதுக்குள்ள இதைத் தாண்டிரு, பாப்போம். பொம்பளைகளுக்கு இது வராது" என்றார். வெறும் கேலிதான். ஆனால் அவர் போன பிறகு அந்த வீட்டில் என் மாமியாரும் நானும் அந்த எண்ணும்தான். காது மந்தமான மாமியார் சாப்பிட்டுப் படுத்ததும் நான் பெட்டியைப் போடுவேன். மாதக்கணக்கில் ஆடினேன். பாதி தூரம்கூட எட்டவில்லை.

நீ அப்போது எஸ்டேட் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தாய். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போவாய். அவர்களை இறக்கிவிட்டுச் சாமான் லோடு ஏற்றக் கீழே வருவாய். மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. மறுபடி மேலே போய் சாயங்காலம் அவர்களை அழைத்து வருவாய். ஒருநாள் நான் சோறு போடும்போது என் கட்டை விரலைப் பார்த்துவிட்டாய். கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது.

"என்னத்தா இது? அருவாமனை வெட்டிருச்சா?"

நான் டிவியைக் காட்டினேன். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். "மாப்ளே எழுதி வச்ச நம்பருக்காகவா வெரலைத் தேய்க்கிற? இரு, இதுக்கு ஒரு ஆளு செஞ்சு தர்றேன்."

மறுநாள் நீ ஜீப்பின் வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தாய். கண்ணாடிச் சட்டத்தில் இரண்டே நட்டு என்றாய். ஒரு டீப்பெட்டிப் பலகையில் விளையாட்டுக் கட்டையை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினாய். பக்கத்தில் மோட்டாரைத் திருகிப் பொருத்தினாய். வைப்பர் தண்டு இருந்த இடத்தில் என் மரச்சீப்பை வைத்துக் கட்டினாய். சீப்பில் ஒன்று விட்டு ஒன்று பல்லை உடைத்திருந்தாய். பட்டறையில் கிடந்த பழைய பேட்டரியில் வயரை மாட்டியதும் சீப்பு இடமும் வலமும் ஆடியது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஏழெட்டுப் பல் பொத்தான் மேல் ஏறி இறங்கின. கறகறவென்று வீடே அதிர்ந்தது. டிவியில் குண்டு மழையாகப் பொழிந்தது. நான் குச்சியை மட்டும் அசைத்தால் போதும்.

உருப்படாத சாமான்தான் அது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பல் முறியும். மோட்டார் சூடேறிக் கருகல் வாசனை வரும். நீ முறத்தால் விசிறுவாய். பேட்டரித் தண்ணீர் பட்டு என் நல்ல பாயில் ஓட்டை விழுந்தது. பெட்டிக்கடைக்காரம்மா, "வாரம் மூணு சீப்பு வாங்குறியே, தலையில என்னடி வளக்குற?" என்று கேட்டாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

"இது களவாணித்தனம் இல்லையாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மிசினும் மிசினும் அடிச்சுக்கிருது. நமக்கென்ன வந்துச்சு?" என்றாய்.

சாப்பிட்டு ஆடி முடித்ததும் மோட்டாரைக் கழற்றி ஜீப்பில் பூட்டிக்கொண்டுதான் மலைக்குப் போவாய். ஒருநாளும் தவறியதில்லை.

அன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டம் என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நீ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒருநா விட்டுட்டுப் போண்ணே. தாண்டிருவேன்ணே."

நீ வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தாய். முகடு வரை தெளிவாக இருந்தது. "சரி, ஆடு. வெரசா முடிச்சிரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய்.

அந்த ஆட்டம் கையை விட்டுப் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவதில்தான் ஏறியது. நாலு மணி இருக்கும், மலைப்பக்கம் இடி இடித்தது. இதைத்தான் அண்ணே நான் உன்னிடம் சொல்லவே இல்லை. இடிச் சத்தம் எனக்குக் கேட்டது. ஜன்னல் வழியாக மேற்கே கறுத்திருந்ததையும் பார்த்தேன். பலகையில் ஆடிக்கொண்டிருந்த மோட்டாரையும் பார்த்தேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஐயோ, கரண்டு போய்விடக் கூடாதே என்பதுதான். உன் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த பிறகும் நான் குச்சியை விடவில்லை. எண்ணைத் தாண்டிவிட்டு, அதைச் சுவரில் அவர் எழுதியதற்கு மேலே பென்சிலால் எழுதிவிட்டுத்தான் வாசலுக்கு ஓடினேன். தெருவில் மண் வாசனை மட்டும் வந்தது. மலை தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. மழையிலும் மூடுமஞ்சிலும் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல் நீ தலையை வெளியே நீட்டியபடி இறங்கியிருக்கிறாய். ஒரு வளைவில் வண்டி ஓரத்து மண்கரையில் மோதிச் சாய்ந்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. சிலமலை ஊர்க்காரி பேச்சியின் கால் மட்டும் வண்டிக்கு அடியில். என் வயதுதான் அவளுக்கும். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தூக்குவாளியோடு நின்றேன். உன் நெற்றியில் கட்டு. ஜீப்பு முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார், "வைப்பர் மோட்டாரு எங்கடா?"

"எரிஞ்சு போச்சுண்ணே. கழட்டித் தூரப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லல. என் தப்புதான்."

அப்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். பேசாதே என்று சொல்கிறாயா, இப்போதாவது பேசு என்று சொல்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

உன் லைசென்ஸ் போனது. அதற்குப் பிறகு யாரும் உன்னிடம் வண்டி தரவில்லை. நீ பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தாய். புறப்படும் முன் வீட்டுக்கு வந்து, "அது எங்க?" என்று கேட்டாய். கிணற்றில் போட்டுவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினாய்.

அடுத்த லீவில் அவர் வந்து சுவரைப் பார்த்தார். "நெசமாவா?" என்று கேட்டு என் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தார். தழும்பு இருந்தது, நம்பிவிட்டார். அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் அதைத்தான் பேசுவார். நம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நீ எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "மச்சான், ஒங்க தங்கச்சி என்னையவே தோக்கடிச்சிட்டா, தெரியுமா?" என்று அவர் கேட்டார். நீ இலையைப் பார்த்துக்கொண்டே, "அவ புடிச்சா விடமாட்டா மாப்ளே" என்றாய். நான் உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது இலையைத் தாண்டி உன் வேட்டியில் கொட்டியது.

பேச்சியை ஒரே ஒரு தடவை போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு தேவாரம் போகிற பஸ்சுக்கு நின்றாள். நான் ஒரு பஸ்சுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பஸ்சு கிளம்பிப் போனதும் வேறொன்றுக்குப் பின்னால் போய் நின்றேன். அவளுக்கு என் முகமே தெரியாது. அப்படியும் ஒளிந்தேன். அவர் இறந்த பிறகு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அப்போதாவது பேச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நீ காய்ச்சலில் படுத்தபோதும், எழுந்து வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்தே சிலமலைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். நீ எழவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் தனியாகப் போனேன். பேச்சி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரை, பெட்டியை, இடி கேட்டும் எழுந்திருக்காததை. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் கீரையை ஒதுக்கிவிட்டு, "ஒக்காருத்தா" என்றாள்.

"எனக்குத் தெரியும். மொத வருசமே உங்கண்ணே வந்து சொல்லிட்டாரு. மாசம் ஒருக்கா வருவாரு. வெறகு ஒடச்சுப் போட்டுட்டு, தண்ணி எடுத்து வச்சிட்டுப் போவாரு. போகும்போது கேப்பாரு, என் தங்கச்சி வந்துச்சான்னு. இல்லண்ணேம்பேன். வரும், வந்தா அதை வைஞ்சிராதம்மா, சின்னப்புள்ளைம்பாரு. சரிண்ணேம்பேன்."

ஒதுக்கிய கீரையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள். "கடைசியா வந்தப்பயும் கேட்டாரு" என்றாள்.

பிறகு உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். கட்டையை ஊன்றிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல். அவள் என்னைத் திட்டவில்லை அண்ணே. உனக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றிவிட்டாள். இப்போது மாசம் ஒருமுறை நான் போகிறேன். விறகு உடைக்க எனக்குத் தெம்பில்லை, தண்ணீர் மட்டும் எடுத்து வைக்கிறேன். கிளம்பும்போது, ஒரு தடவையாவது அவள் வாய்விட்டுத் திட்டிவிட மாட்டாளா என்று நடையில் கொஞ்ச நேரம் நிற்பேன். "பஸ்சு வந்துரும், பாத்துப் போத்தா" என்பாள்.