கிழக்கில் ஏன் சுவர் இல்லை

மார்ச் 3, 2012

ஊரின் தென்கிழக்கு மூலையில் புது மனை. கட்டடம் எழும்புமுன் மண்ணுக்கடியில் பழசு ஏதும் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான். அலுத்துப்போன நாட்கள் உண்டு, இன்று அலுக்கவில்லை. இடித்துப்போட்ட எங்கள் பழைய தெருவே இந்த மனைக்குள் வருகிறது. அதற்கு ஈடாக அக்கா யூமெய்க்கு ஒதுக்கிய அடுக்குமாடி வீடும் இங்கேதான் வரப்போகிறது. மூன்று வருடமாக ஒற்றை வாடகை அறையில் காத்துக்கிடக்கிறாள்.

குழுத் தலைவி பானிடம் இதைச் சொல்லிவிட்டேன். "மண்ணுக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாது, காங் அண்ணே. துளையப் போடுங்க."

மார்ச் 6

மழை. வேலை இல்லை. எங்கள் ஊர் ஜெங்ஜோவின் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்தேன்.

மேற்கே மலைச்சரிவு முடிகிறது. வடக்கே மஞ்சள் ஆறு. நடுவில் மூவாயிரத்து ஐநூறு வருடத்து மண்கோட்டை. அதன் ஓரமாகத்தான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன். கோட்டைக்கு வெளியே இன்னொரு சுவரும் இருந்திருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் வளைந்து வருகிறது, கிழக்கில் மட்டும் காணோம். அங்கே ஏரி இருந்தது, அதனால் சுவர் தேவைப்படவில்லை என்கிறார்கள். எந்த ஏரி? எங்கே போயிற்று? நாற்பத்தேழு வருடமாக அந்தப் பக்கம் புழுதியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

மார்ச் 9

கிடைத்துவிட்டது!

முப்பத்தோராவது துளை. ஒன்றரை மீட்டரில், துளை போடும் குழல் மண்வெட்டி இறங்க மறுத்தது. வெளியே இழுத்தால், இடித்துக் கெட்டித்த மண். அடுக்கு அடுக்காக, ஒவ்வொன்றும் நாலு விரல் கனம். நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பானை ஓடு, கயிற்றுத் தடத்தோடு. கோட்டையில் கிடைக்கும் அதே ஓடு. அடுத்த ஏழு துளைகளிலும் அதே மண். வெளிச்சுவர் இவ்வளவு கிழக்கே வந்திருக்கிறதா? அப்படியானால் ஏரி?

அப்புறம்தான் அக்கா நினைவு வந்தது. இது சுவர் என்றால் இங்கே ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள்.

மார்ச் 10

அக்கா கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"மூஞ்சியே சரியில்லையே. என்னடா கெடைச்சுது?"

"கெட்டிச்ச மண்ணு, அக்கா. பழைய கோட்டைச் சுவர் மாதிரி இருக்கு. நம்ம தெரு முனையில."

"அட மண்டு! அது ஊர்த் தானியக் கெடங்கோட அடிச்சுவரு. அப்பாவும் ஊர்க்காரங்களும் மண்ண இடிச்சுக் கெட்டிச்சுக் கட்டுனது. எனக்கு ஏழு வயசு, நானே மிதிச்சிருக்கேன். நீ அப்ப பொறக்கவே இல்ல."

"மூவாயிரத்து ஐநூறு வருஷத்து ஓடு கெடைச்சிருக்கு, அக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேன். அதானே?"

நம்பவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்காக எதையோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"மண்ணுக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டுக் கெட! கூடப்பொறந்தவளுக்குக் கூரை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!"

எனக்காக ஆட்டெலும்புச் சாற்றில் அகல நூடுல்ஸ் செய்து மேசையில் வைத்திருந்தாள். அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தட்டால் மூடிவிட்டாள். கிளம்பிவிட்டேன்.

மார்ச் 12

அறிக்கை கொடுத்துவிட்டேன். கட்டட வேலைக்குத் தடை. எழுதாமல் விட்டிருக்கலாமோ? இல்லை. மறைப்பதற்கு இந்த வேலையில் நான் எதற்கு?

மார்ச் 27

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 4

கல்லறை துடைக்கும் நாள். ஒவ்வொரு வருடமும் இருவரும் சேர்ந்துதான் வருவோம். அப்பா கல்லறையில் புல் ஏற்கெனவே பிடுங்கியிருந்தது, இறந்தவருக்கு எரிக்கும் காகிதத்தின் சாம்பல் ஆறியிருந்தது. எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். என்ன பேசுவதென்று தெரியாமல் அப்பாவிடம், "அந்தக் கெடங்க நெசமாவே நீங்கதான் கட்டுனீங்களா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

ஏப்ரல் 11

சுவர்தானா என்று உறுதிசெய்யக் குழி வெட்டத் தொடங்கி மூன்றாம் நாள். துளையில் தெரிவது மூன்று விரல் அகல மண். குழியில் எல்லாமே தெரிந்துவிடும்.

கெட்டித்த மண்ணின் அடி அடுக்கிலிருந்து பான் எதையோ சுரண்டி எடுத்தாள். எனாமல் குவளையின் விளிம்பு. நீலப் பட்டை கூடப் போகவில்லை.

"காங் அண்ணே, அந்தக் கால ராஜா இதுலதான் வெந்நி குடிச்சாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கோட்டை மண்ணை வண்டியில் அள்ளிவந்து இடித்துக் கெட்டித்திருக்கிறார்கள். பழைய ஓடும் அதோடு வந்திருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படிக் கட்டியதுதான். வெளியூர்க்காரன் தவறலாம், எனக்கென்ன கேடு? அக்கா சொன்னாளே, சொன்னாளே!

பிற்பகல் அதற்கும் கீழே இறங்கினோம். கறுப்புச் சேறு, பிடிபிடியாக நத்தை ஓடுகள். ஏரி! சுவர் இங்கே வரவே இல்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்தது தண்ணீரின் மேல்தான்.

ஏப்ரல் 13

காலையில் நான்காவது அடுக்கை உரித்தபோது அதன் பரப்பில் ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது. இடது கால். பதினேழு சென்டிமீட்டர். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம்.

போன் செய்யவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டி, "வா அக்கா" என்றேன். குரல் எப்படி இருந்ததோ, ஒன்றும் கேட்காமல் வந்தாள்.

குழிக்குள் இறங்கிப் பார்த்தவள், கரைமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள். ஐம்பத்தாறு வயதுக் கால். இரண்டாம் விரல் நீளம்.

"'ஈர மண்ணுடி, எறங்கு, எறங்கு'ன்னு அப்பா கத்துனாரு. அதுக்குள்ள மிதிச்சுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். பான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இத வெட்டி எடுத்துருவீங்கல்ல?" என்றாள் அக்கா.

"எடுத்தாத்தான் வீடு வரும், அக்கா."

"எடுங்க, எடுங்க." காலுறையை மாட்டிக்கொண்டாள். "அடியில என்னடா இருந்துச்சு?"

நத்தை ஓடு ஒன்றை அவள் கையில் வைத்தேன். "ஏரி."

"அதான் நம்ம வீட்டுச் சுவரு எப்பவும் ஓதமாவே கெடந்துச்சு. கீழ்த்தளம் மட்டும் எனக்கு வேணாம், சொல்லிட்டேன். வா, நூடுல்ஸ் போடுறேன்."

ஏப்ரல் 16

திருத்திய அறிக்கை. 'அண்மைக் காலத்து மண், அகற்றலாம்' என்று ஒரு வரி. ஏரிச் சேற்றுக்கு மூன்று பக்கம். தடை நீங்கும் என்கிறாள் பான்.

கடைசிப் பக்கத்தில் தகவல் தந்தவர் பெயர் கேட்டிருந்தது. காங் யூமெய், வயது 56. தகவல் தந்த நாள் என்ற இடத்தில் மார்ச் 10 என்று எழுதினேன்.