தொடாதே என்ற சவர்க்காரம்

சாவகச்சேரி
12.9.1992

பிள்ளையின் அம்மாவுக்கு,

நான் சுகம். கொழும்பில் நீங்கள் இருவரும் சுகமென்று நம்புகிறேன்.

உம்மிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்று டொக்டர் ஐசாக்கின் ஒப்பரேசன் அறைக்கு ஏசி பூட்டினேன். சிலிண்டரில் இருந்த காஸ் ஒரு தடவைக்குத்தான் காணும். "உது கசிஞ்சு போனால் வேறை இல்லை" என்றார் டொக்டர். அதனால் முதலில் செப்புக் குழாயில் காற்றை அடைத்து, பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசி, கசிகிற இடத்தில் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அரசாங்கம் பொருள்களுக்குத் தடை போட்ட பிறகு ஊரில் சவர்க்காரம் ஏது? பனம்பழத்தில்தான் உடுப்புத் தோய்க்கிறோம். அந்தக் களியில் குமிழி தெரியாது.

"நான் வந்து குளிக்க வேணும், தொடாதேங்கோ" என்று நீர் விட்டுப்போன சந்தனச் சவர்க்காரத்தை எடுத்தேன். இரண்டு வருடமாக மணந்து மட்டும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பொருத்தில் குமிழி வந்தது. குழாயின் வாயை மறுபடி விரித்து இறுக்கினேன். பிறகு காஸ் ஏற்றினேன். அறை குளிர்ந்தது.

"என்ன வாசம் இது?" என்று கேட்டார் டொக்டர். நான் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டை விற்பதைப் பற்றி மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டீர். அதைப் பிறகு எழுதுகிறேன்.

சவர்க்காரத்தில் ஒரு மூலைதான் கரைந்தது. நீர் வந்து குளிக்க மிச்சம் காணும்.

இப்படிக்கு,
சொல்லை மீறித் தொட்டவன்