நான்கு வரிசைக்கும் கேட்டது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும். இங்கே நானும் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம், ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சௌக்கியமாக இல்லை. அவர் ஆற்றோரத்துப் பழைய வீட்டில், நான் மேட்டில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பில், இரண்டாம் வரிசை, ஒன்பதாம் எண். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் சொல்வது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் இங்கே நான்கு வரிசைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ வளர்ந்த இடத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இரண்டு வயல் தூரம் இருந்தது உனக்குத் தெரியும். ஒரு தீப்பெட்டி வேண்டும் என்றாலும் வரப்பில் நின்று கத்தித்தான் கேட்போம். அறுபத்து நான்கு குடும்பத்துக்கும் அப்படிக் கத்தியே பழகிய தொண்டை. அந்தத் தொண்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து, ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துவிட்டார்கள். தொண்டை பழைய தொண்டை, சுவர் மட்டும்தான் புதுசு. குடிவந்த முதல் வாரத்திலேயே தச்சரும் அவர் மனைவியும் கொஞ்சிக்கொண்டது மூன்றாம் வரிசை வரைக்கும் கேட்டது, பாவம், அந்தப் பெண் நான்கு நாள் குழாயடிக்கே வரவில்லை. பால்காரர் மனைவியிடம் ரகசியமாக, அதாவது அவருக்குத் தெரிந்த ரகசியக் குரலில், இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் தூக்கலாப் போச்சுடி என்றாராம், மறுநாள் காலையில் ஒரு வீட்டிலும் செம்பை நீட்டவில்லை. தூரமாக இருந்த காலத்தில் ஒருவருக்கு ஒருவர் உயிரைக் கொடுப்போம். இப்போது யார் வீட்டுத் தண்ணீர் யார் வாசலில் தேங்குகிறது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. இத்தனை வருடமாக நாங்கள் நல்லவர்களாக இருந்ததற்குக் காரணம் குணம் இல்லை, நடுவில் கிடந்த வயல்தான் என்று இப்போது புரிகிறது.

இதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீதானே படித்தவன், மனிதர்கள் எங்கே எப்படிக் குடியிருக்க வேண்டும் என்று படம் வரைந்து சம்பளம் வாங்குகிறவன். சிதறிக் கிடக்கும் வீடுகளை ஓரிடத்தில் சேர்த்தால் சாலை வரும், ஆஸ்பத்திரி வரும், எல்லாரும் கூடி வாழலாம் அம்மா என்று போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாயே. நீ அனுப்பிய படங்களை நான் பார்த்தேன். மரமெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கிறது, மனிதர்கள் எல்லாரும் வெறுங்கையோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருத்தர் கையிலும் ஒரு வாளி இல்லை. இங்கே வரைந்தவரும் உன் பள்ளிக்கூடத்துக்காரர்தான் போலிருக்கிறது. குழந்தைகள் சறுக்கி விளையாட இடம் விட்டிருக்கிறார், துணி காயப்போட இடம் விடவில்லை, அதனால் சறுக்குமரத்தில்தான் நாங்கள் போர்வை காயப்போடுகிறோம். கூடி வாழ்வதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நீ எப்படி இருக்கிறாய், பத்தொன்பதாவது மாடியில், எதிர்வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் தெரியாது, லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவோம் என்கிறாய். அதை வீடு என்று சொல்லாதே, ஆள் வைக்கும் அலமாரி என்று சொல்.

உன் சித்தி பாடு இன்னொரு வேடிக்கை. முழங்கால் வைத்தியத்துக்காகப் போன மாதம் அவள் வீட்டில் எட்டு நாள் இருந்தேன். அவள் ஊரில் நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஒரு வரிசை வீடு, நூல் பிடித்தது மாதிரி மூன்று மைல் நீளம், அகலம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக பஸ் ஏற வேண்டும். எந்த லாரிக்கு எந்த ஹாரன் என்று சித்திக்கு அத்துப்படி, ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே இருக்கிற பெண்ணிடம் ஆறு வருடமாகக் கைதான் அசைக்கிறாளாம். கடந்து போய்ப் பேசலாமே என்றேன், உயிர் மேல ஆசை இருக்கே அக்கா என்றாள். அந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, அது நடக்க ஆரம்பித்த பிறகுதான் இவளுக்குத் தெரிந்ததாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருட வெள்ளத்தில் நானும் உன் அப்பாவும் இரண்டு நாள் பரண் மேல் உட்கார்ந்திருந்தோம். என் காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இன்னொரு மழைக்கு அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று. அதனால்தான் மேட்டு வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், நீ சொன்னாய் என்பதற்காக மட்டும் இல்லை. ஆனால் குடும்பத் தலைவர் வந்து குடியிருந்தால்தான் வீடு என்பது அவர்கள் சட்டம். முப்பதாம் தேதி அதிகாரி வந்து வீடு வீடாகப் பார்ப்பார், ஆள் இல்லை என்றால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். போன தடவை வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, நீங்க தலைவர் இல்லியேம்மா என்றார். முப்பது வருடமாக அந்தக் குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவள் நான், தலை மட்டும் வேறு ஒருவரிடம் இருக்கிறதாம்.

உன் அப்பாவோ ஞாயிற்றுக்கிழமை தோறும் விருந்தாளி மாதிரி வருவார், சாப்பிடுவார், சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், போய்விடுவார். போன ஞாயிறு நான் பொறுமை இழந்துவிட்டேன். எப்போது வருவதாக உத்தேசம் என்று கேட்டேன். அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "உம் புள்ள சொன்னான்னுதானே கையெழுத்துப் போட்ட. சொன்னவன் நேர்ல வந்து எம் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். அன்னைக்கே வர்றேன்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "வர்றான்! முப்பதாம் தேதிக்கு முன்னால வர்றான்! டிக்கெட்டே எடுத்துட்டான்!" என்று கத்திவிட்டேன். குடியிருப்பு கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக நான்கு வரிசையும் நிசப்தமாக இருந்தது. அப்புறம் பக்கத்துச் சுவரிலிருந்து தையல்காரி, "எந்தத் தேதி அக்கா?" என்றாள். இருபத்தாறு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உன் அப்பா எழுந்தார். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் டிராக்டர் ஒன்று என் வாசலில் நின்றது. அதில் நம் பழைய வீட்டு வாசற்கதவு. அடுத்த நாள் ஜன்னல்கள். அதற்கு அடுத்த நாள் சமையலறைக் கூரைத் தகரம். அந்த மனிதர் ஒற்றை ஆளாக வீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார், மகன் வருகிறான் என்று. கதவில்லாத வீட்டில் படுத்துக்கொள்கிறார், மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இனிமேல் அவருக்கு அந்த வீடும் இல்லை. கடைக்காரரிடம் போய், மதியப் பேருந்து இப்போது மேட்டு முனையில் நிற்கிறதா என்று விசாரித்தாராம். தச்சர் உனக்காகக் கட்டில் சட்டத்தை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பால்காரர் உனக்குத் தண்ணீர் கலக்காத பால் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த வார்த்தையில் எவ்வளவு ஒப்புதல் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

பொய் சொன்னது நான்தான். வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஐந்து வருடமாக நீ அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் சிரிப்பேன், உன் சித்தி சிரிப்பாள், உன் அப்பா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நம்பினார். அப்படிப்பட்ட ஆளிடம்தான் நானும் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன். உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்ட வித்தை அது.

வேலை இருக்கும், விடுப்புக் கிடைக்காது, எல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் பத்து நாளில் உன் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. வர முடியாது என்றால் மறுத்து எனக்கு எழுதாதே. உன் அப்பா பெயருக்கு எழுது, உன் அம்மா பொய் சொன்னாள், நான் வரவில்லை என்று உன் கையாலேயே எழுது. எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குக் கண் போதாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஞாபகம் வைத்துக்கொள், இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியப் பேருந்து. அவர் காலையிலேயே போய் நின்றுவிடுவார்.

இப்படிக்கு,
அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லாத
உன் அம்மா